பத்து ரூபாய் மனு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய்: அரசு ஆவணத்தின் நகலுக்கு உண்மையில் எவ்வளவு கட்டவேண்டும்?

"தாங்கள் கோரிய தகவல்கள் 1,620 பக்கங்களில் உள்ளன. பக்கம் ஒன்றுக்கு ரூ.2 வீதம் ரூ.3,240 செலுத்தும் பட்சத்தில் நகல்கள் வழங்கப்படும்."

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதம் புதிதல்ல. பத்து ரூபாயில் தொடங்கிய விஷயம் ஒரே கடிதத்தில் மூவாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. பாதிப்பேர் இந்த இடத்தில் மனுவைக் கைவிடுகிறார்கள். மீதிப்பேர் கடன் வாங்கியாவது கட்டி, ஒரு மூட்டைத் தாளை வாங்கிவந்து, அதில் தங்களுக்கு வேண்டியது நாற்பது பக்கம்தான் என்று பிறகு கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வரிக் கடிதம் சட்டப்படி முழுமையான கடிதமே இல்லை. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

இந்தியாவில் அரசு ஆவண நகலுக்கான கட்டண விகிதம், விகிதம் என்று பார்த்தால், குறைவுதான். ஆட்களைத் திருப்பி அனுப்புவது தொகையை விட, அதை எந்த வடிவில் கட்டவேண்டும் என்ற குழப்பமும், கூடுதல் கட்டணம் கேட்டு வரும் கடிதமும், அதற்குள் ஓடும் நாள் கணக்கும்தான். இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலான மனுக்கள் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நகலுக்காக நடந்த சண்டை

கட்டணம், நகல் இரண்டும் இந்தச் சட்டத்தில் ஓரத்தில் கிடக்கும் விஷயங்கள் அல்ல. சட்டம் பிறந்ததே நகலைச் சுற்றித்தான். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தது. பஞ்சாயத்துச் செலவுக் கணக்கின் நகலை மக்கள் காசு கொடுத்து வாங்க வழி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அரசு முதலில் இறங்கிவந்தது பார்வையிடும் அளவுக்கு மட்டும்: பதிவேட்டைப் பார்க்கலாம், கையால் குறிப்பெடுக்கலாம், ஜெராக்ஸ் கிடையாது. கையால் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருப்பதை எப்படி நிரூபிப்பது? சான்றிட்ட நகல் என்ற சொல் சட்டத்துக்குள் வந்ததற்குப் பின்னால் இந்தக் கேள்வி இருக்கிறது.

தமிழ்நாடு 1997-லேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாநிலம். விதிவிலக்குகள் நிறைந்த அந்தச் சட்டத்தால் நடைமுறையில் பெரிய பயன் விளையவில்லை. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது.

விகிதத்தை யார் வைக்கிறார்கள்

சட்டத்தில் எந்தத் தொகையும் எழுதப்படவில்லை. "நியாயமான" கட்டணமாக இருக்கவேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களிடம் வாங்கக் கூடாது என்று மட்டும் 7(5) பிரிவு சொல்கிறது. தொகையை மத்திய அரசு தன் அலுவலகங்களுக்கும், மாநில அரசுகள் தங்கள் அலுவலகங்களுக்கும், உயர் நீதிமன்றங்கள், சட்டமன்றங்கள் தங்களுக்கும் விதியாகப் போட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரே நாட்டில் பல விலை. மத்திய அரசில் மனுவுக்குப் பத்து ரூபாய், குஜராத்தில் இருபது. ஆந்திரத்தில் கிராம அளவிலான அலுவலகத்துக்குக் கட்டணமே இல்லை, மண்டல அளவில் ஐந்து ரூபாய், அதற்கு மேல் பத்து. தமிழ்நாடு 2005-ல் ஐம்பது ரூபாயில் தொடங்கி, அடுத்த ஆண்டே பத்தாகக் குறைத்தது.

உச்சவரம்பு என்று ஒன்று வந்தது 2018 மார்ச் 20 அன்று. அலகாபாத் உயர் நீதிமன்றம் தன் விதியில் மனுவுக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. அதை எதிர்த்த வழக்கில், பொதுவாக மனுக் கட்டணம் 50 ரூபாயையும் நகல் கட்டணம் பக்கத்துக்கு 5 ரூபாயையும் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் எதற்கு என்று காரணம் கேட்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. இதற்கு மேல் ஒரு தொகையை எந்த அலுவலகமாவது கேட்டால் மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டவேண்டிய தீர்ப்பு இது.

மத்திய அரசின் 2012 விதிகளில் உள்ள பட்டியல் சின்னதுதான். ஏ3 அல்லது அதைவிடச் சிறிய தாளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய தாள் என்றால், வரைபடம் போன்றவை, நகலெடுக்க ஆகும் அசல் செலவு. பொருளின் மாதிரி கேட்டால் அதன் அசல் விலை. சாலையில் போட்ட ஜல்லி, கட்டடத்தில் கலந்த சிமென்ட் கலவை ஆகியவற்றின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதிகம் பேர் கேட்பதில்லை. டிஸ்கெட் அல்லது பிளாப்பிக்கு 50 ரூபாய். 2012-லேயே வழக்கொழிந்துபோன சாமான், ஆனாலும் விதியில் அதன் பெயர்தான் இருக்கிறது, சிடிக்கும் அதே தொகையை வாங்குகிறார்கள். ஆவணத்தைப் பார்வையிட முதல் மணி நேரம் இலவசம், பிறகு ஒவ்வொரு மணிக்கும் 5 ரூபாய். தபால் செலவு 50 ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகை மட்டும்.

பட்டியலில் முக்கியமானவை இவ்வளவுதான். கோப்பைத் தேடிய ஊழியரின் சம்பளம், திரட்டியதற்கான கூலி, பழைய அறையைத் திறந்து சுத்தம் செய்த செலவு எதுவும் அதில் இல்லை. இல்லாததை வசூலிக்க முடியாது என்று மத்தியப் பணியாளர் துறையே தன் அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பவும் விதியில் கட்டணம் எதுவும் இல்லை. கேட்கும் ஆவணம் ஏற்கெனவே கணினியில் இருந்தால், "பிடிஎஃப் வடிவில் மின்னஞ்சலில் தரவும்" என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது; பக்கக் கணக்கே எழாமல் போக வாய்ப்புண்டு.

பத்து ரூபாயை எப்படிக் கட்டுவது

மனுக்கள் முதலில் விழுவது இங்கேதான். கட்டணம் சேராத மனு சட்டத்தின் கண்ணில் மனுவே இல்லை. 30 நாள் கணக்கும் தொடங்காது. தவறான வடிவில் கட்டினாலும் அதே கதிதான்.

தமிழ்நாடு அரசின் அலுவலகங்களுக்கு, அதாவது தாலுகா, மாநகராட்சி, ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம், மின்வாரியம் போன்றவற்றுக்கு, எளிய வழி மனுவின் மேல் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவது. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் என்றால்தான் முத்திரைத்தாள் விற்பனையாளருக்குப் புரியும். நீதிமன்ற வளாகத்திலும் அதைச் சுற்றிலும் கிடைக்கும். ரசீதில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்ப் வேறு, தபால் தலை வேறு. இரண்டையும் ஒட்டி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. வில்லையின் மேல் கோடு போடுவதோ கையெழுத்தை ஓடவிடுவதோ வேண்டாம். அதைச் செல்லாததாக்குவது அலுவலகத்தின் வேலை. ஒட்டியபின் மனுவின் முதல் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால், "வில்லை ஒட்டப்படவில்லை" என்று பதில் வரும்போது கைகொடுக்கும். ரொக்கமாகக் கட்டலாம், ஆனால் ரசீது வாங்காமல் வரக் கூடாது. டிடியும் செல்லும், பத்து ரூபாய் டிடிக்கு வங்கி வாங்கும் கமிஷன் அந்தப் பத்தைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால் யாருக்கும் பரிந்துரைக்க மனம் வராது.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு இந்த வில்லை செல்லாது. ரயில்வே, அஞ்சல் துறை, வருமான வரி, பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி, பொதுத்துறை வங்கிகள், எல்ஐசி எல்லாம் இந்தப் பக்கம். இவற்றுக்குத் தபாலில் அனுப்பப் பழகிய வழி பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். பெறுபவர் இடத்தில் அதிகாரியின் பெயரை எழுதாமல் "கணக்கு அலுவலர்" என்று எழுதி, கீழே அலுவலகத்தின் பெயரையும் ஊரையும் எழுதவேண்டும். விதி சொல்லும் பதவிப் பெயர் அதுதான். மனுவுக்குப் பதில் தரும் அதிகாரியான தகவல் அலுவலரின் பெயருக்கு எடுத்தால் காசாக்க முடியவில்லை என்று திரும்பிவரும். போஸ்டல் ஆர்டரின் எண்ணை மனுவில் எழுதி, அடிக்கட்டையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அதே போஸ்டல் ஆர்டரை மாநில அலுவலகத்துக்கு அனுப்புவது தலைகீழான தவறு.

இணையத்தில் கட்டுவது இரண்டு பக்கமும் வந்துவிட்டது. மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் அட்டை, நெட்பேங்கிங், யுபிஐ எதிலும் கட்டலாம். மனு எழுதும் பெட்டியில் 3,000 எழுத்துகள்தான் கொள்ளும். மீதியைப் பிடிஎஃப் ஆக இணைக்கவேண்டும். அங்கே மாநில அரசுக்கான மனுவைப் போட்டால் மனு திரும்பிவரும், பத்து ரூபாய் வராது. இதை முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், படிப்பவர் குறைவு. தமிழ்நாட்டுக்குத் தனி இணையதளம் இருக்கிறது. எல்லா அலுவலகமும் அதில் சேர்ந்திருப்பதாக எண்ணாமல் முதலில் பட்டியலில் தேடிப்பார்க்கவேண்டும்.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு எந்தக் கட்டணமும் இல்லை, ஆனால் சான்றின் நகலை மனுவோடு வைக்கவேண்டும். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாக் குடும்பத்திடமும் ரேஷன் கார்டு இருப்பதால் கார்டு மட்டுமே அதற்குச் சான்றாகிவிடாது. உள்ளாட்சியின் வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயர் இருப்பதைக் காட்டும் சான்று வேண்டும்.

கூடுதல் கட்டணக் கடிதத்தைப் படிப்பது

இப்போது அந்த ரூ.3,240 கடிதத்துக்கு வருவோம். 7(3) பிரிவின்படி கூடுதல் கட்டணம் கேட்கும் கடிதத்தில் தொகை மட்டும் இருந்தால் போதாது. அந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கு இருக்கவேண்டும்: எந்தக் கேள்விக்கு எத்தனை பக்கம், என்ன விகிதம். கட்டணத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பதும், மேல்முறையீட்டு அலுவலர் யார், அவர் முகவரி என்ன, காலக்கெடு எவ்வளவு என்பதும் இருக்கவேண்டும். மேலே காட்டிய இரண்டு வரியில் மொத்தப் பக்கமும் விகிதமும் மட்டும் இருக்கின்றன. மற்றவை எதுவும் இல்லை. உடனே சண்டைக்குப் போகவேண்டாம். "கேள்வி வாரியாகப் பக்க எண்ணிக்கை தரவும்" என்று ஒரு பதில் கடிதம் எழுதினால், பல நேரம் 1,620-ல் 1,500 பக்கம் ஒரே கேள்விக்கு உரியது என்று தெரியவரும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் பணம் கட்டுகிறேன் என்று எழுதலாம்.

அடுத்தது நாள் கணக்கு. மனு அலுவலகத்துக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளில் பதில் தரவேண்டும். கட்டணக் கடிதத்தை அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கடிகாரம் நின்றிருக்கும். உதாரணமாக, மனு ஜூன் 2 அன்று கிடைத்தது. ஜூன் 24 அன்று கட்டணக் கடிதம் அனுப்பினார்கள். 22 நாள் போயிற்று. நீங்கள் ஜூலை 10 அன்று கட்டினீர்கள். மிச்சமிருப்பது 8 நாள். ஜூலை 18-க்குள் நகல் வந்தாகவேண்டும். பணம் கட்டியபின் புதிதாக 30 நாள் தங்களுக்கு உண்டு என்று நினைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கம் இன்னும் சுவையானது. 30 நாள் தாண்டிவிட்டால் 7(6) பிரிவின்படி தகவலை இலவசமாகத் தரவேண்டும். 1,620 பக்கமானாலும் சரி. ஆகவே 33-ஆம் நாள் கிளம்பும் கட்டணக் கடிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இங்கேதான் தபால் உறையைக் கவனிக்கவேண்டும். கடிதத்தின் தலையில் ஜூன் 28 என்று தேதியிருக்கும்; உறையில் அஞ்சலக முத்திரை ஜூலை 6 என்று விழுந்திருக்கும். கெடு ஜூலை 2. சட்டம் பார்ப்பது அனுப்பிய நாளை. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டவர் கையில் ஜூன் 28 தேதியிட்ட கடிதம் மட்டும் இருக்கும், அது கெடுவுக்குள் வந்ததாகவே தெரியும். எனவே உறையைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்துவையுங்கள். நீங்கள் அனுப்பும் மனுவுக்கும் இதே கவனம் வேண்டும்: அனுப்பிய ரசீதும், அது சேர்ந்த நாளைக் காட்டும் ஒப்புகையும் இல்லாமல் எந்த நாளையும் நிரூபிக்க முடியாது. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும்.

மனுவை உதவித் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் ஐந்து நாள் கூடும். வேறு அலுவலகத்துக்கு மாற்றவேண்டிய மனு என்றால், அந்த மாற்றத்தை ஐந்து நாளுக்குள் செய்யவேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்.

பார்வையிட்டுப் பிறகு நகல் கேட்பது

செலவைக் குறைக்கச் சட்டமே வைத்திருக்கும் வழி 2(j) பிரிவில் இருக்கிறது: வேலையை, ஆவணத்தை, பதிவேட்டை நேரில் பார்வையிடும் உரிமை. இதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று புரிவதில்லை. எண்ணிப் பாருங்கள். 800 பக்கக் கோப்பை முழுதாக நகலெடுத்தால் 1,600 ரூபாய். அதே கோப்பை மத்திய அரசு அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் முதல் மணி இலவசம், அடுத்த இரண்டுக்குப் பத்து ரூபாய். தேவையான 40 பக்கத்தைக் குறித்துக்கொடுத்தால் 80 ரூபாய். மொத்தம் 90. நேரில் வாங்கிக்கொண்டால் தபால் செலவும் இல்லை. தமிழ்நாட்டு விதியிலும் முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

இதை ஒழுங்காகச் செய்ய மனுவில் எழுதும் வாசகம் முக்கியம். "சம்பந்தப்பட்ட ஆவணங்களைப் பார்வையிட விரும்புகிறேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் எதையும் காட்டமாட்டார்கள். கோப்பின் எண்ணைச் சொல்லுங்கள். "நடப்புப் பக்கம், குறிப்புப் பக்கம் இரண்டும் சேர்ந்த முழுக் கோப்பு" என்று எழுதுங்கள். நடப்புப் பக்கத்தில் வந்த கடிதங்களும் போன கடிதங்களும் இருக்கும். எழுத்தர் என்ன எழுதினார், கண்காணிப்பாளர் எங்கே மறுத்தார், மேலதிகாரி எந்தத் தேதியில் ஒரே வரியில் முடிவை மாற்றினார் என்பதெல்லாம் குறிப்புப் பக்கத்தில் இருக்கும். அதைக் கேட்காமல் விட்டால் பெரும்பாலும் அது வராது. "பார்வையிட்டபின் நான் குறிக்கும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும்" என்ற வரியையும் அதே மனுவில் சேர்த்துவிட்டால், நகலுக்கு இன்னொரு மனு போடவேண்டியதில்லை.

போகும்போது பென்சில், குறிப்பேடு, துண்டுச் சீட்டுகள் போதும். கோப்பில் எதுவும் எழுதக் கூடாது. வேண்டிய பக்கத்தில் சீட்டைச் செருகி, பக்க எண்களைத் தனித்தாளில் எழுதி, அதில் ஊழியரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது உத்தமம். முதல் வேலையாகப் பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 46-க்குப் பிறகு 51 என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். குறிப்பெடுப்பது சட்டத்தில் சொல்லப்பட்ட உரிமை. போனில் படமெடுப்பதை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி நடத்துகிறது; மனுவிலேயே கேட்டுவைப்பது அங்கே போய் வாதாடுவதைவிட மேல்.

கோப்பு எண்ணை எங்கே பிடிப்பது? அரசிடமிருந்து வந்த எந்தக் கடிதத்தின் தலையிலும் ந.க. எண் இருக்கும், கோப்பைத் தேடும் சாவி அதுதான். அது கையில் இல்லையென்றால் முதல் மனுவில் அதை மட்டும் கேட்கலாம்: இன்ன தேதியில் நான் கொடுத்த மனு எந்த எண்ணில் பதிவானது, தன்பதிவேட்டில் (எழுத்தர் தனக்கு வரும் கடிதங்களைப் பதியும் ஏடு) அந்த எண்ணுக்கான பக்கத்தின் நகல் தருக. ஒரு பக்கம், இரண்டு ரூபாய். அடுத்த மனு குறி தப்பாது.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்ற வகைக் கேள்விகளுக்குப் பத்து ரூபாய் செலவழிப்பது வீண். ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் தரமுடியும், புதிதாக விளக்கம் எழுதித்தரவேண்டியதில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் சொல்லிவிட்டது. அதே தீர்ப்புதான் தேர்வெழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கவும் வழி திறந்தது. மத்திய விதியில் மனு 500 சொல்லுக்குள் இருக்கவேண்டும் என்றிருக்கிறது, ஆனால் நீளத்தைக் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று அதே விதியே சொல்கிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களில் 150 சொல், ஒரே பொருள் என்று கட்டுப்பாடு கடுமை.

ஆர்டிஐ செல்லாத கவுன்டர்கள்

சில ஆவணங்களுக்கு வேறு சட்டத்தில் தனிக் கவுன்டரும் தனி விலையும் உண்டு. அங்கே ஆர்டிஐ மனு பெரும்பாலும் நேர விரயம்.

நீதிமன்ற வழக்குக் கட்டுகளின் நகல் அப்படி. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம், நீதிமன்ற விதிகளில் நகலுக்கு வழி இருக்கும்போது அந்த வழியாகத்தான் கேட்கவேண்டும் என்று முடித்தது. வழக்கில் தரப்பாக இல்லாதவர் காரணம் சொல்லி மனுப் போடவேண்டியிருக்கும்; ஆர்டிஐயில் காரணம் வேண்டாம் என்ற சலுகை இங்கே இல்லை. கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் கட்டி எவரும் பார்க்கக்கூடிய ஆவணங்களை ஆர்டிஐ விலைக்குக் கேட்க முடியாது என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

எல்லா இடத்திலும் இப்படியில்லை. கம்பெனிச் செயலர் தேர்வின் விடைத்தாள் நகலுக்குப் பாடத்துக்கு 500 ரூபாய் என்று அந்த நிறுவனம் வைத்திருந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் வழிகாட்டுதல் ஒரு பாதை, ஆர்டிஐ இன்னொரு பாதை, எதில் போவது என்பது மாணவர் விருப்பம் என்றது. ஆர்டிஐ பாதையில் வந்தவரிடம் ஆர்டிஐ கட்டணம்தான் வாங்கமுடியும்.

பத்திரப் பதிவில் அடிப்படை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. கிரயம், அடமானம் போன்ற அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் வேறு ரகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும் நகல். இறந்தபின் யார் கேட்டாலும் உண்டு. அசையாச் சொத்து சம்பந்தமில்லாத பல்வேறு ஆவணங்கள் ஏறும் நான்காம் புத்தகத்தில் ஆவணத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். ஆகவே கிரயப் பத்திர நகலை ஆர்டிஐயில் கேட்டால் பதிவுத்துறைக் கட்டணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பதில் வரும். அதே அலுவலகத்தில், போலி ஆவணம் என்று நீங்கள் கொடுத்த புகாரின் மேல் நடந்த விசாரணைக் கோப்பைக் கேளுங்கள். அதற்கு வேறு கவுன்டர் இல்லை, ஆர்டிஐதான்.

மனுவே தேவைப்படாதவையும் ஏராளம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் இலவசம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், சான்றிட்ட பிரதிக்குத்தான் கட்டணம். மத்திய அரசிதழ் இணையத்திலேயே வெளியாகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023 ஜனவரி முதல் இலவசம். முதல் தகவல் அறிக்கையை, பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-ல் உத்தரவு. இவற்றைத் தேடிப்பார்க்காமல் ஆர்டிஐ போட்டால் ஒரு மாதம் கழித்து இணையதள முகவரிதான் பதிலாக வரும்.

கட்டணத்தை எதிர்த்து மேல்முறையீடு

கட்டணம் அதிகம் என்று தோன்றினால், கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். மத்திய அரசிலும் தமிழ்நாட்டிலும் இதற்குக் கட்டணம் இல்லை. மகாராஷ்டிரத்தில் இருபது ரூபாய் வில்லை. மத்தியப் பிரதேசத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு ஐம்பது, இரண்டாவதற்கு நூறு. அவர் 30 நாளில், காரணத்தைப் பதிவுசெய்தால் 45 நாளில், முடிக்கவேண்டும். திருப்தியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் வரிசை நீளம், விசாரணைக்கு நாளாகும். அதனால் சின்னத் தொகை என்றால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டி நகலை வாங்கிக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு மேல்முறையீடு செய்வது நடைமுறைக்கு உகந்தது. நகல் கையில் வந்துவிடும், வழக்கும் உயிரோடு இருக்கும். கூடுதலாகக் கேட்கப்பட்டது ஆயிரக்கணக்கில் என்றால் கட்டாமல் எதிர்ப்பதே சரி.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் அரசுக்குப் போகும், மனுதாரருக்கு வராது. மனுதாரருக்கு வேண்டுமானால் 19(8)(b) பிரிவில் இழப்பீடு என்று தனியாகக் கேட்கவேண்டும். பட்ட நஷ்டத்தையும் செய்த செலவையும் ரசீதோடு காட்டவேண்டும். கேட்காதவருக்குத் தானாக வருவதில்லை.

கடைசியாக ஒன்று, கட்டணத்தை விட இதில் அவசரம் அதிகம். தமிழ்நாட்டு அலுவலகங்களில் முடிந்த கோப்புக்கு ஒரு முடிவுக் குறி போடுவார்கள். நி.மு. என்றால் நிரந்தரமாக வைக்கவேண்டியது, ப.மு. பத்தாண்டு, மூ.மு. மூன்றாண்டு, ஓ.மு. ஓராண்டு. ஓ.மு. எண்ணில் முடித்த கடிதத்தைத் தேடி நான்கு வருடம் கழித்துப் போனால் "அழிக்கப்பட்டுவிட்டது" என்ற பதில் உண்மையாகவே இருக்கலாம். உங்களுக்கு வந்த உத்தரவில் இந்தக் குறியைப் பார்த்து, கெடு முடியுமுன் மனுவைக் கொடுத்துவிடுங்கள். அழித்துவிட்டோம் என்றால் அழித்ததற்கான பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்; அதில் தேதி இருக்கும். மனு கொடுத்தபின் விழுந்த தேதியாக அது இருந்தால், கேட்கப்பட்ட தகவலை அழித்தது 20-ஆம் பிரிவில் அபராதத்துக்குரிய குற்றம். அந்த நகலுக்கும் இரண்டு ரூபாய்தான்.